முள் எடுத்த பேச்சு

இந்த வாக்கியம் முடிந்ததும் நிறுத்துவார் என்று பார்த்தால் நிறுத்தவில்லை. சரி, அடுத்ததில் நிறுத்துவார், மூச்சு வாங்கித்தானே ஆகவேண்டும், அறுபத்தாறு வயசு. வாங்கினார், வாங்கிக்கொண்டு மேலே போகிறார். மிஸ்டர், நிறுத்துங்கள், இரண்டு வாக்கியம் நீங்கள், இரண்டு வாக்கியம் நான், அதுதானே நம் ஒப்பந்தம். நீங்கள் மறந்துபோய் ஓடினால் நான் உங்கள் இடது முழங்கையை லேசாகத் தொடுவேன், நீங்கள் சட்டென்று நிற்பீர்கள், நான் தமிழில் சொல்லி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வீர்கள், ஆறு வருஷமாக இப்படித்தானே ஓடுகிறது. அந்த முழங்கை இதோ, கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. தொட முடியவில்லை. அழுகிறார். குரலை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது, பக்கத்தில் அரை அடி பின்னால் நிற்கிற எனக்கு மட்டும் தெரியும், காது மடல் சிவந்துவிட்டது, கழுத்து நரம்பு துடிக்கிறது. அழுகிற மனிதனைத் தொட்டு, போதும், இனி என் முறை என்று எப்படிச் சொல்வது. சொல்லட்டும், கொட்டித் தீர்க்கட்டும். டிரெஸ்ஸிங் ரூம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன்கள் அவர் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள், மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றி ஈரக் காலுறை நாற்றத்தை எல்லோருக்கும் சரிசமமாகப் பங்கு போடுகிறது. நாளைக் காலையில் எலாடியோ கிரோஸ் என்கிற இந்த ஸ்பெயின்காரர், எங்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர், சென்னையிலிருந்து விமானம் ஏறிவிடுவார். ஸ்பானிஷில் இது அவருடைய கடைசிப் பேச்சு, தமிழில் என்னுடையது. ஒரு பருக்கைகூடச் சிந்தக்கூடாது. இன்றைக்குச் சிந்தினால் நாளைக்கு அள்ளிக்கொடுக்க ஆள் இருக்காது.

பதறாதே கஸ்பார், கப்பலை நினைத்துக்கொள். உல்லாசக் கப்பலில் சர்வராக இருந்தபோது பன்னிரண்டு பேர் மேஜைக்கு எழுதாமல் ஆர்டர் எடுத்தவன்தானே நீ, மீனை ஜன்னல் பக்கத்து அம்மாள் மடியில் வை, சூப்பை மொட்டைத்தலை மேல் வை, பிறகு முகத்தைப் பார்த்தால் போதும், பண்டம் தானாக ஞாபகம் வரும். அதையேதான் இங்கேயும் செய்கிறேன், மிஸ்டர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் பெஞ்சில் ஒவ்வொருவன் மேல் உட்கார வைக்கிறேன். முதலில் சுரங்கத்தைச் சொன்னார், அவர் ஊர், அஸ்தூரியாஸ் மலைப்பக்கம், நிலக்கரி, அப்பா விடிவதற்குள் இறங்கி இருட்டிய பிறகு ஏறி வருவார், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அப்பாவின் முகத்தை வெயிலில் பார்த்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போன ஒரே இடம் பந்து மைதானம். அதைக் கதவோரம் இருக்கிற கோல்கீப்பர் கமலக்கண்ணன் மேல் வைத்துவிட்டேன். வியாசர்பாடிக்காரன், வாய் நீளம், கைகளும் நீளம். இம்தியாஸ் முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வசதியாகப் போயிற்று, மிஸ்டரின் முட்டி உடைந்த கதை வரும்போது அவனிடம் கொடுத்துவிடலாம். மலையேறிய கதை மணிப்பூர் ஜோடிக்கு, அவர்கள் வந்த மறுவருஷமே தமிழில் திட்டப் பழகிவிட்டார்கள், பேசத்தான் இன்னும் கூச்சம். மிஸ்டர் என்கிற சொல்லே எங்களிடம் பட்ட பாடு, ஸ்பெயினில் பயிற்சியாளரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம், எந்தக் காலத்திலோ பந்து சொல்லிக்கொடுக்கப் போன வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டு வந்த சொல். முதல் நாள் அதை நான் சொன்னதும் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், வெறும் மிஸ்டர் மரியாதையாக இல்லையே என்று மிஸ்டர் சார் ஆக்கிவிட்டார்கள். அவர் என்னிடம், சார் என்றால் என்ன என்று கேட்டார். மிஸ்டர்தான், மிஸ்டர் என்றேன். அந்த ஆள் சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது.

சிரிப்பில்தானே எல்லாமே ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்குத் தற்காலிகமாக ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று கிளப்பில் ஆள் தேடினார்கள், கப்பல் வேலை போய்த் தூத்துக்குடியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நான் ரயிலேறி வந்தேன். வணக்கம் சொல்லிவிட்டு எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் ஏதோ பேசினேன், அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நீ ஹோண்டுராஸ் சமையல்காரன் மாதிரி பேசுகிறாய் என்றார். உண்மைதான், கப்பல் சமையலறையில் ஹோண்டுராஸ்காரன் ஒருவனிடமும் பெரு நாட்டுக்காரன் ஒருவனிடமும் கற்றுக்கொண்டது, பாதி பண்டம், பாதி வசவு. பெயர் என்ன என்றார். கஸ்பார் மிராண்டா. சிரிப்பு நின்றுவிட்டது. மிராண்டா என்று எங்களுக்கு ஒரு ஊரே இருக்கிறது, நீ யார் வீட்டுப் பிள்ளை என்றார். தூத்துக்குடி பரதவர் தெருவில் போய் மிராண்டா என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், போர்ச்சுகல்காரன் ஞானஸ்நானம் கொடுத்தபோது விட்டுப்போன பெயர் என்று விளக்கினேன். அவருக்கு விளக்கம் பிடித்ததா, மீன்காரன் பேச்சு பிடித்ததா தெரியாது, மூன்று வாரம் கழித்துக் கிளப்காரர்கள் நன்றாக ஸ்பானிஷ் படித்த ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, இவர் வேண்டாம், எனக்குக் காஸ்பார் போதும், சுரங்கத்துப் பேச்சைச் சமையலறைப் பேச்சால்தான் மாற்ற முடியும் என்று சொல்லிவிட்டார். அந்த வாக்கியத்தையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, அந்தப் படித்த மனிதரிடமே. ஐயோ, இப்போது என்ன சொல்கிறார், எங்கே போய்விட்டேன் நான், மழை, மழை வந்துவிட்டது, பெனால்டிக்கு வந்துவிட்டார்.

பெனால்டி என்றதும் கை தானாகக் கமலக்கண்ணன் பக்கம் போனது, அவன்தானே கோல்கீப்பர், ஆனால் அங்கே ஏற்கெனவே சுரங்கம் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே ஆள் மேல் வைத்தால் குழம்பும், பிறகு அவருடைய அப்பா சுரங்கத்துக்குள் பெனால்டி அடித்துக்கொண்டிருப்பார். கமலக்கண்ணன் பக்கத்தில் தொங்குகிற நீலத் துண்டின் மேல் வைக்கிறேன். துண்டு பெனால்டி, துண்டு பெனால்டி. இந்தக் கதை எனக்குப் புதிதா என்ன, ஒவ்வொரு பெரிய மேட்சுக்கு முன்னாலும் சொல்வார். முதல் டிவிஷனுக்குப் போகவேண்டிய கடைசி ஆட்டம், கடைசி நிமிஷம், எனக்கு இருபத்து மூன்று வயசு, மழை, பந்தை வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, காலால் தண்ணீரைத் தள்ளிவிட்டு வைத்தேன், அடித்தேன், கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சில தடவை கம்பம், சில தடவை கோல்கீப்பரின் பாதம். எது நிஜம் என்று நான் கேட்டதில்லை, எனக்குக் கம்பம்தான் பிடிக்கும், கம்பத்துக்கு ஒரு சத்தம் உண்டு, அவர் பாதம் என்று சொல்கிற நாளிலும் என் காதில் கம்பம்தான் அடிக்கும். அஸ்தூரியாஸ் மழையை நான் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் கனவில் நனைந்திருக்கிறேன். நான் அடித்தேன், நான் தவறவிட்டேன், நான் பஸ் ஏற வெட்கப்பட்டு மழையில் நடந்தே வீட்டுக்குப் போனேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், வாய் சொல்லச் சொல்லக் கால் நம்பிவிட்டது. பெரம்பூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே இஸ்திரி போடுகிறவர் என்னை ஸ்பெயின் சார் என்றுதான் கூப்பிடுகிறார், பயிற்சி பார்க்க வந்த அவர் மருமகன் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, நம்ம வீட்டு மாடியில் இருக்கிறவர் வெளிநாட்டில் விளையாடி பெனால்டி விட்டவர் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். நானும் மறுத்தேன், ரொம்ப அழுத்தி மறுக்கவில்லை. என் மனைவி ரோஸ்லினுக்குத்தான் பொறுக்காது. மிஸ்டருக்கு முட்டி வலி வருகிற மழைக்காலத்தில் எனக்கும் நடை ஒரு பக்கமாகச் சாயும், "என்ன கூத்து இது, அவியளுக்கு முட்டி வலிச்சா நீங்க எதுக்கு நொண்டுதிய? உங்களுக்கு ரெண்டு முட்டியும் கல்லு மாதிரில்லா இருக்கு" என்பாள். நேராக நடந்து காட்டுவேன், அடுக்களை தாண்டியதும் மறுபடி சாயும்.

அந்தப் பெனால்டிக்கு மறுநாள்தான் கதையின் உயிர், இதோ வந்துவிட்டார். மறுநாள் காலையில் என் சாமான்களை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று யாரும் வருவதற்கு முன்னால் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனேன், என் பூட்ஸ் என் ஆணியில் தொங்கியது, சேறு கழுவி, உள்ளே பேப்பர் திணித்து. சாமான் பொறுப்பாளர் பெனிக்னோ மூலையில் உட்கார்ந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார், பயிற்சி பத்து மணிக்கு என்றார், அவ்வளவுதான். அதனால்தான் நம் அணியில் மோசமாக ஆடியவனின் ஆணியை யாரும் மாற்றக்கூடாது. அந்தச் சட்டம் நிஜமாகவே இருக்கிறது, சொந்தக் கோலிலேயே பந்தை அடித்த இம்தியாஸ் மறுநாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, தன் சட்டை தன் ஆணியிலேயே மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு அதன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆணியை இம்தியாஸுக்குக் கொடுக்கவேண்டும், ஆனால் இம்தியாஸ் முட்டிக்கு. முட்டியும் ஆணியும். முட்டியில் ஆணி. பார்த்தாயா, சிலுவையில் அறைந்துவிட்டேன் பையனை. போகட்டும், அப்படியே இருக்கட்டும், மறக்காது. முட்டி போனது இருபத்தொன்பது வயசில், அப்புறம் விசில், சின்னப் பையன்களுக்குப் பயிற்சி, அப்புறம் பெரிய அணி. கீழ் டிவிஷனுக்கு விழவேண்டிய ஒரு அணியைக் கடைசி ஆட்டத்தில் காப்பாற்றினேன், ஊரே தோளில் தூக்கியது, அடுத்த அக்டோபரில் அதே ஊர் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டி என்னைப் போ என்றது. அவர் ஊரில் அப்படித்தானாம், மைதானம் முழுக்க எழுந்து நின்று கைக்குட்டையை ஆட்டினால் பயிற்சியாளர் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். எத்தனை ஊரில் கட்டினாரோ. பிறகு பொலிவியா, அங்கே மலை உச்சியில் மைதானம், மூச்சே கிடைக்காது, முதல் மாசம் விசில் ஊதவே ஒருத்தன் தனியாக வேண்டும். மணிப்பூர் ஜோடி, மலை உங்களுக்கு, பத்திரம். ஒரு கோப்பையும் பெரிதாகக் கிடையாது இந்த மனிதருக்கு, முதல் டிவிஷனில் அவர் ஆடியதைக் கைவிரலில் எண்ணிவிடலாம், ஆனாலும் சொல்லும்போது குரலில் ஒரு குறையும் இருக்காது. விருந்துக்குப் போய்விட்டு வந்தவர் இலையில் என்னவெல்லாம் விழுந்தது என்று சொல்வது போலச் சொல்வார். கைக்குட்டைகூட அவர் இலையில் ஒரு கூட்டுத்தான்.

ரெஃப்ரியைத் திட்டியதும் ஒரு கூட்டுத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் என் வழியாக. முதல் வருஷம், ஆஃப்சைடு இல்லாத ஒன்றுக்குக் கொடி தூக்கிவிட்டார்கள், மிஸ்டர் கோட்டோரம் போய்க் கத்தினார், ரெஃப்ரி ஓடிவந்து, இவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை, நான் வேலைக்குப் புதிது, தொழில்பக்தி முற்றிப்போயிருந்தது, மிஸ்டர் சொன்னதை அதே சூட்டோடு, அதே விரலை அதே மாதிரி ஆட்டி, அம்மாவில் ஆரம்பித்து ஆட்டுக்குட்டி வரைக்கும் தமிழில் சொல்லி முடித்தேன். ரெஃப்ரி சிவப்பு அட்டையை எடுத்து எனக்குக் காட்டினார். மிஸ்டருக்கு இல்லை, எனக்கு! அவர் காதுக்கு அசிங்கமாகப் பேசியது நான்தானே. மைதானம் முழுக்கச் சிரிப்பு, நான் காலரிப் படியேறிப் போய் உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார்கள், பார்த்தால் மிஸ்டர். என் வாயை வெளியே அனுப்பிவிட்டு நான் மட்டும் அங்கே நின்று என்ன செய்ய என்றார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், எங்களுக்கு வாய் ஒன்றாகப் போயிற்று. அன்றைக்குக் கீழே யாரும் கத்தாமல் பையன்கள் நிம்மதியாக ஆடி ஜெயித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அன்றிலிருந்துதான் நான் முள் எடுக்கப் பழகினேன். தோற்ற நாட்களில் அவர் பேச்சில் பாதிக்குப் பாதி கெட்ட வார்த்தை இருக்கும், அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுச் சதையை மட்டும் கொடுப்பேன். கமலக்கண்ணன் ஒரு தடவை பிடித்துவிட்டான், "இன்னாண்ணா, அவரு இம்மாந்நேரம் கத்துனாரு, நீ இத்தினிக்காண்டு சொல்ற?" என்றான். ஸ்பானிஷ் நீளமான பாஷைடா என்றேன். பேச்சு முடிந்ததும் மிஸ்டர் என் பக்கம் திரும்பி, எல்லாம்? என்று ஒரே வார்த்தை கேட்பார், நான், எல்லாம், மிஸ்டர் என்பேன். ஒவ்வொரு பேச்சுக்கும் கேட்பார். கேட்டுவிட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டுவார், எனக்குத்தான் தொண்டையில் எடுத்த முள்ளெல்லாம் குத்தும்.

என் அப்பா இறந்தபோது மட்டும் நான் அவருக்கு ஒன்றும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் தூத்துக்குடிக்கு ஓடிவிட்டேன், மறுநாள் பிணம் எடுப்பதற்கு முன்னால் தெருமுனையில் ஒரு ஆட்டோ நிற்கிறது, உள்ளேயிருந்து மடங்காத முட்டியை முதலில் நீட்டிக்கொண்டு மிஸ்டர் இறங்குகிறார். யார் வழி சொன்னார்கள், எப்படி வந்தார், எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அப்பாவின் தலைமாட்டில் இருந்தேன், எழுந்து வரமுடியாது. யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார்கள், பந்தலுக்குள்ளே, வலைக்காரர்களுக்கும் உப்பளத்துக்காரர்களுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள், குடித்தார். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவும் அவரும் சின்ன வயசில் புயலில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார், "என்னத்தச் சொல்லுதது, அந்த எளவு காத்து நம்மள விடுவனாங்குது" என்று அவர் மூக்கைச் சிந்த, மிஸ்டர் ஒரு எழுத்து புரியாமல் அவர் முகத்தையே பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கல்லறைத் தோட்டம் வரை நொண்டிக்கொண்டே வந்தார், மண் போட்டார், சாயங்காலம் என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு நாள் முழுக்க வாயும் இல்லாமல் காதும் இல்லாமல் எனக்காக உட்கார்ந்திருந்தார் மனிதர். மூச்சுக்கு மூச்சு பேசுகிற ஆள். அதற்கு நான் நன்றி சொல்லவில்லை, ஸ்பானிஷில் நன்றி எனக்குக் கப்பல் மேஜைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல், அதை எடுத்து அவரிடம் நீட்ட மனசு வரவில்லை. பிறகு சொல்லலாம் பிறகு சொல்லலாம் என்று, இதோ நாளைக்கு விமானம். அவருடைய மகள் கூப்பிட்டுவிட்டாள், பேத்தி பிறந்திருக்கிறாள், போகத்தான் வேண்டும்.

புதுப் பயிற்சியாளர் கொல்கத்தாக்காரராம், இங்கிலீஷ் பேசுவாராம், பையன்களுக்கு அது போதும். எனக்குக் கிளப்பில் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது, சமைப்பவர் போன பிறகு பரிமாறுகிறவனை யார் வைத்திருப்பார்கள். ரோஸ்லின் காலையில் காப்பியை வைத்துவிட்டு, "பயப்படாதிய, ஆறு வருசம் சோறு போட்ட வேலைக்குக் கும்பிடு போட்டுட்டு வாங்க, மத்தத மாதா பாத்துக்கிடுவா" என்றாள். அவளுக்கென்ன, மாதா இருக்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வேலையைப் பற்றிக்கூட அவ்வளவு இல்லை, நாளையிலிருந்து எனக்குள்ளே மழை பெய்யுமா என்றுதான் பயம். விடு, விடு, கவனி, கேப்டனைப் பற்றிப் பேசுகிறார். பந்தை இழந்தவன்தான் அதை மீட்க முதலில் ஓடவேண்டும், இதை நான் நாற்பது வருஷமாகச் சொல்கிறேன், சொல்லாமலே செய்தவன் ரெஜின். கேப்டன் ரெஜின் மேலேயே வைத்துவிட்டேன், தூத்தூர் கடற்கரைப் பையன், அவன் அப்பாவும் மீன்காரர்தான், பேசமாட்டான், ஓடுவான். அவ்வளவுதான், பெஞ்சு நிறைந்துவிட்டது, கதவிலிருந்து தண்ணீர்க் கேன் வரை ஒரு இடம் பாக்கியில்லை. மிஸ்டரும் குரலை இறக்குகிறார், முடிக்கப்போகிறார். அப்பாடா, சுரங்கம், துண்டு, முட்டியில் ஆணி, மலை, ரெஜின், எல்லாம் இருக்கிறது. முடிக்கவில்லை. இன்னும் ஒன்று என்கிறார். காஸ்பார் என்கிறார்.

என்னைத்தான், அவர் வாயில் நான் எப்போதும் காஸ்பார். திரும்பிப் பார்க்காமல், பையன்களைப் பார்த்தே சொல்கிறார். இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு வாய் இல்லை, காஸ்பார் தன் வாயைக் கொடுத்தான். நான் வாந்தியெடுத்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் முதலில் இவன் காதில்தான் விழுந்தன, குழந்தைக்கு மீன் கொடுக்கிற அம்மா மாதிரி முள்ளை எடுத்துவிட்டுத்தான் இவன் உங்களுக்குக் கொடுத்தான். எனக்குத் தெரியும். என் பேச்சு நீளம், இவன் பேச்சு குட்டை, தெரியாமல் இருக்குமா. உங்களுக்கு என்னைப் பிடித்திருந்தால், நீங்கள் பார்த்தது இவன் முள் எடுத்துக் கொடுத்த கிழவனைத்தான். இந்த, என்று சொல்லி நடுவில் ஒரு வார்த்தை போட்டார், பச்சைச் சுரங்கத்து வார்த்தை, பெற்றவளைத் தொடுகிற வார்த்தை, அதற்கு அச்சு அசலாக வியாசர்பாடியில் ஒன்று உண்டு, இந்த இன்ன மகனுக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். முடிந்துவிட்டது. எல்லா முகமும் என் பக்கம். மிஸ்டர், இதை நான் எங்கே உட்கார வைப்பேன், இடமே இல்லையே, எல்லார் மடியிலும் ஒன்று இருக்கிறதே. எனக்குத் தெரியும் என்றாரே, ஒவ்வொரு தடவையும் எல்லாம்? என்று கேட்டது தெரிந்துகொண்டேதானா. இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் என்ன. யாருக்குத் தெரியப்போகிறது. தன்னைப் பற்றிய புகழ்ச்சியைத் தானே எடுத்து ஊதுகிறவன் என்ன மனுஷன், நாக்கு எப்படி எழும்பும். முதலில் மற்றதைச் சொல், அப்புறம் பார்க்கலாம்.

ஆரம்பித்தேன். கமலக்கண்ணனைப் பார்த்தேன், சுரங்கம் வந்தது, அப்பாவின் முகம் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வந்தது. துண்டைப் பார்த்தேன், மழை, கம்பம் என்று சொன்னேன், இன்றைக்கு அவர் எதைச் சொன்னார் என்று நிஜமாகவே ஞாபகமில்லை, கம்பமாகவே இருக்கட்டும். இம்தியாஸைப் பார்த்து ஆணியையும் முட்டியையும் சரியாகப் பிரித்துக் கொடுத்தேன், மலை வந்தது, கைக்குட்டை வந்தது, ரெஜினிடம் அவனுடையதைக் கொடுத்தபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பருக்கை சிந்தவில்லை. பிறகு, இன்னும் ஒன்று என்றேன். கஸ்பார் என்றேன். அங்கே நின்றுவிட்டது. மின்விசிறி சுற்றுகிறது. என் முழங்கையில் ஏதோ பட்டது. மிஸ்டர் தொடுகிறார், நான் அவரை நிறுத்துவதற்குத் தொடுகிற அதே இடத்தில், போ என்பதற்காகத் தொடுகிறார். போக முடியவில்லை, மிஸ்டர். அப்போது ரெஜின், வாயே திறக்காத ரெஜின், பக்கத்தில் இருந்தவனை இடித்து நகர்த்திவிட்டு, பெஞ்சில் கையால் தட்டினான். "இரிங்கண்ணே. இங்க இரிந்துட்டு சொல்லுங்க."

போய் உட்கார்ந்தேன். ஆறு வருஷத்தில் இந்த பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை, பலகை சூடாக இருந்தது, இரண்டு பக்கமும் வியர்வைத் தோள்கள். நிமிர்ந்து பார்த்தால் எதிரே மிஸ்டர். அவரை எனக்கு இடது காதும் கன்னமுமாகத்தான் தெரியும், பேசி முடித்துவிட்டு நிற்கிற அவருடைய முழு முகத்தை இப்படி எதிரிலிருந்து பார்த்ததில்லை. கிழவராகிவிட்டார். என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், பந்தலில் என் பெரியப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி. அந்த முகத்தின் மேலேயே வைத்துவிட்டேன், வைத்த இடத்திலிருந்தே எடுத்தேன். இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு வாய் இல்லை என்று ஆரம்பித்து, முள்ளைச் சொன்னேன், குட்டையான என் பேச்சைச் சொன்னேன், கமலக்கண்ணன் கண்ணை உருட்டினான், சொல்லிக்கொண்டே போய் அந்த வார்த்தைக்கு வந்தேன். எடுக்கவில்லை. வியாசர்பாடி வார்த்தையை அப்படியே, முழுசாக, அவர் அடித்த அதே அடியோடு என் தலைமேலேயே போட்டேன், இந்த இன்ன மகனுக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன் என்றேன். கமலக்கண்ணன்தான் முதலில், "யப்பா டேய்!" என்று பெஞ்சிலிருந்து சரிந்தான், அப்புறம் மொத்த அறையும் இடிந்து விழுந்தது, மணிப்பூர் ஜோடி ஒருவன் முதுகை ஒருவன் அடித்துக்கொள்கிறார்கள், இம்தியாஸின் ஐஸ் தரையில் உருள்கிறது, ரெஜின் சிரித்துக்கொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். எனக்கும் கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மிஸ்டர் கேட்டது எனக்குக் காதில் விழவில்லை, உதடு அசைந்ததை எதிரிலிருந்து பார்த்தேன். எல்லாம்?

எல்லாம், மிஸ்டர்.